ஒரு ஏக்கர் புல்லுக்கு எந்த வண்டி: டிராக்டரா, ஜீரோ டர்னா, பேட்டரியா?

வட கரோலினா, ஜார்ஜியா பக்கம் நகரத்தை விட்டுத் தள்ளி வீடு வாங்கும் நம்மவர்களுக்கு, ஒரு ஏக்கர் என்றால் எவ்வளவு என்பது முதல் ஏப்ரலில்தான் உறைக்கும். கணக்குப்படி 43,560 சதுர அடி, நம் ஊர் வழக்கில் நூறு சென்ட். கையால் தள்ளிக்கொண்டு போகும் 21 அங்குல மோவரால் அதை வெட்டினால், ஒரு வரிசை மேல் இன்னொரு வரிசை துளியும் ஏறாமல் நடந்தாலும் ஏழரை கிலோமீட்டருக்கு மேல் வரும். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் அதே தூரம். ஜூனுக்குள் வீட்டில், உட்கார்ந்து ஓட்டும் ரைடிங் மோவர் பேச்சு தொடங்கிவிடும். ஒரு நண்பர் நின்ற இடத்திலேயே திரும்பும் ஜீரோ டர்ன் என்பார், பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டும் பச்சை டிராக்டரைக் காட்டுவார், அலுவலகத்தில் ஒருவர் இனி பெட்ரோல் வண்டியே வாங்கக் கூடாது என்பார். மூவர் சொல்வதும் அவரவர் நிலத்துக்குச் சரியாகவே இருக்கும். உங்கள் நிலம் எப்படி என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

மனை ஒரு ஏக்கர் என்பதால் புல்லும் ஒரு ஏக்கர் ஆகிவிடாது. வீடு, டிரைவ்வே, பின்னால் விட்டுவைத்த மரக்கூட்டம், செடிப் பாத்திகள் எல்லாம் போக அறுபது சென்ட்கூடத் தேறாத வீடுகள் நிறைய. பெரும்பாலான கவுண்டிகள் நில வரைபடத்தை இணையத்தில் வைத்திருக்கின்றன, அதிலேயே பரப்பு அளக்கும் வசதியும் இருக்கும். புல்லை மட்டும் சுற்றிக் கோடு போட்டுப் பாருங்கள். அரை ஏக்கருக்குக் கீழே வந்தால் ரைடிங் மோவர் வேண்டாம் என்பேன். தானே இழுத்துக்கொண்டு போகும் 21 அங்குல மோவரே ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும், கராஜில் சைக்கிளுக்குப் பக்கத்தில் அடங்கியும் விடும். அரைக்கும் முக்காலுக்கும் நடுவே இருப்பவர்கள் தங்கள் முட்டியையும் முதுகையும் கேட்டு முடிவு செய்யலாம். முக்காலைத் தாண்டினால் உட்கார்ந்து ஓட்டுவதுதான் சரி.

அடுத்து சரிவு. விலை, குதிரைசக்தி, கம்பெனிப் பெயர் எல்லாவற்றையும் விட இதுதான் வண்டியைத் தீர்மானிக்கும். ஆனால் கடைக்குப் போகுமுன் இதை அளந்து பார்ப்பவர் குறைவு. இரண்டு மூன்றடி நீளத்தில் நேரான பலகை ஒன்றை எடுத்து, நிலத்தின் செங்குத்தான இடத்தில் மேலிருந்து கீழாக வைத்து, அதன்மேல் செல்போனைப் படுக்க வைத்து மட்டம் பார்க்கும் ஆப்பைத் திறந்தால் டிகிரி தெரியும். வீட்டு உபயோக ரைடிங் மோவர் கையேடுகளில் பெரும்பாலானவை 15 டிகிரிக்கு மேல் ஏற்றாதே என்கின்றன, சில மாடல்களில் அதையும் விடக் குறைவு. கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியும். பத்தடி தூரத்துக்குள் ஏறக்குறைய இரண்டே முக்கால் அடி ஏறினால் அதுதான் 15 டிகிரி. மலைக்கும் கடலோரச் சமவெளிக்கும் நடுவே இருக்கும் பீட்மான்ட் பகுதியில் பல வீடுகளின் பின்புறம் ஓடையையோ மழைநீர்க் குட்டையையோ பார்த்து இறங்கும். மண் செம்மண் களி, மழை பெய்தால் இரண்டு நாளுக்கு வழுக்கும். அங்கே நின்று அளந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு படிக்க வேண்டும்.

ஜீரோ டர்ன் ஏன் இவ்வளவு பேரை மயக்குகிறது என்பது ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் தெரியும். அதில் ஸ்டீயரிங் கிடையாது, இரண்டு நீளக் கைப்பிடிகள்தான். இடது கைப்பிடி இடது பின்சக்கரத்தை ஓட்டும், வலது கைப்பிடி வலது பின்சக்கரத்தை. இரண்டையும் முன்னே தள்ளினால் வண்டி முன்னே போகும். ஒன்றை முன்னேயும் ஒன்றைப் பின்னேயும் வைத்தால் நின்ற இடத்திலேயே சுற்றும். ஓக் மரத்தை நோக்கிப் போய், டெக்கின் (பிளேடுகளை மூடியிருக்கும் அடித்தகடு) விளிம்பை வேருக்கு நாலு விரல் தள்ளி வைத்தபடி அரை வட்டம் அடித்து, வந்த வரிசைக்கு ஒட்டியே திரும்பிப் போகலாம். டிராக்டர் அதே மரத்தைச் சுற்றினால் ஒன்றரை அடி அளவுக்கு ஒரு புல் வளையம் விட்டுப் போகும், அதை ஓரப் புல் வெட்டும் டிரிம்மர் எடுத்துக்கொண்டு போய் வெட்ட வேண்டும். பத்து மரம், ஊஞ்சல், டிராம்போலின், காய்கறிப் பாத்தி என்று நிறைந்த சமதளத் தோட்டத்துக்கு ஜீரோ டர்னுக்கு இணை கிடையாது.

ஆனால் அதன் முன்சக்கரங்கள் கடையில் நாம் தள்ளும் கூடைவண்டியின் சக்கரம் மாதிரி சும்மா சுழல்பவை. அவை திருப்புவதும் இல்லை, நிறுத்துவதும் இல்லை. இரண்டு வேலையும் பின்சக்கரங்களுக்குத்தான். பின்சக்கரத்தின் பிடிப்பு இருக்கும் வரை வண்டி சொன்னபடி கேட்கும். இறக்கத்தில் ஈரப் புல்மேல் அந்தப் பிடிப்பு விட்டது என்றால் கைப்பிடியை எந்தப் பக்கம் இழுத்தாலும் பயன் இல்லை, வண்டி தன் எடையோடு கீழே போய்க்கொண்டே இருக்கும். கீழே இருப்பது குட்டையா, தடுப்புச்சுவர் விளிம்பா என்பதுதான் அப்போது கேள்வி. கவிழ்ந்தால் காக்கும் வளைவுக் கம்பியும் பெல்ட்டும் பெரிய ஜீரோ டர்ன்களில் உண்டு. ஆரம்ப விலை மாடல்கள் பலவற்றில் இருக்காது. கப் கேடட் கம்பெனியின் சில ஜீரோ டர்ன்களில் ஸ்டீயரிங் வைத்து முன்சக்கரங்களையும் சேர்த்துத் திருப்புகிறார்கள், சரிவில் அது நிஜமாகவே உதவும். அதற்காக 15 டிகிரி 25 ஆகிவிடாது.

லான் டிராக்டர் பார்க்கப் பழைய காலத்து வண்டி. முன்சக்கரம்தான் திருப்பும், ஸ்டீயரிங் இருக்கும், கார் ஓட்டத் தெரிந்தவர் ஐந்து நிமிடத்தில் பழகிவிடுவார். சரிவில் குறுக்கே போகாமல் நேராக மேலேயும் கீழேயும் ஓட்ட வேண்டும். தள்ளும் மோவருக்கு விதி இதற்கு நேர்மாறு, அதைச் சரிவில் குறுக்கேதான் தள்ள வேண்டும். தள்ளி வெட்டிப் பழகியவர்கள் ரைடிங் வண்டிக்கு மாறும்போது இதை மனதில் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

வேகத்தில் என்ன வித்தியாசம்? 42 அங்குல டெக் உள்ள டிராக்டரை மணிக்கு நாலு மைல் வேகத்தில் ஓட்டினால், திரும்பும் நேரமும் வரிசைகள் கொஞ்சம் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதும் சேர்த்து, ஒரு ஏக்கருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அதே அகல ஜீரோ டர்னை ஆறு மைலில் ஓட்டினால் அரை மணி. மிச்சம் கால் மணி நேரம். அந்தக் கால் மணிக்கு ஆயிரம் டாலர் கூடுதல். ஆரம்ப விலை டிராக்டர் இரண்டாயிரம் முதல் இரண்டாயிரத்து ஐந்நூறு வரை, ஜீரோ டர்ன் மூவாயிரத்தைத் தாண்டித்தான் தொடங்குகிறது. அதோடு மேடு பள்ளமான நிலத்தில் ஆறு மைல் வேகத்தில் போனால் முதுகு தூக்கிப் போடும், வெட்டும் சீராக இருக்காது. யாராக இருந்தாலும் தானாக வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். மூன்று ஏக்கர் சமதளம் என்றால் கதை வேறு. அங்கே வாராவாரம் முக்கால் மணி நேரம் மிச்சம், 54 அங்குல டெக் போட்டால் இன்னும் அதிகம். அங்கு ஜீரோ டர்ன் வாங்காமல் டிராக்டரில் உட்கார்ந்திருப்பது வீண்.

புல் வெட்டுவதைத் தவிர வேறு வேலை உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் ஃபெஸ்க்யூ புல் போட்டவர்கள் செப்டம்பரில் மண்ணைத் துளை போட்டு, விதை தூவி, உரம் போட வேண்டும். வசந்த காலத்தில் பைன் ஊசிச் சருகு மூட்டைகளைச் செடிகளுக்கு இழுத்துப் போக வேண்டும். நவம்பரில் ஓக் இலை முழங்கால் அளவுக்குக் கிடக்கும். துளை போடும் கருவி, உரம் தூவி, சின்ன டிரெய்லர், இலை வாரும் கருவி எல்லாமே பின்னால் மாட்டி இழுப்பவை. இந்த வேலைக்கென்றே பிறந்தது டிராக்டர். மிச்சிகன், நியூஜெர்சி பக்கம் இருப்பவர்கள் குளிர்காலத்தில் பனி தள்ளும் தகட்டையும் முன்னால் மாட்டிக்கொள்ளலாம். ஜீரோ டர்னும் இழுக்கும், ஆனால் டிரெய்லரோடு பின்னே எடுத்துப் பாருங்கள், அயர்ந்துவிடுவீர்கள். நின்ற இடத்தில் சுற்றும்போது உள்பக்கச் சக்கரம் புல்லை வேரோடு திருகிப் பிடுங்கும் பழக்கமும் அதற்கு உண்டு. கொஞ்சம் முன்னே பின்னே எடுத்துத் திரும்பக் கற்றுக்கொண்டால் அது தீரும்.

வெட்டிய புல்லைப் பையில் பிடிப்பதா, பொடியாக்கி அங்கேயே விடுவதா என்று ஒரு விவாதம் உண்டு. உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டாமல் இருந்தால் பொடியாக்கி விடுவதே நல்லது, அது மண்ணுக்கு உரம். ஊரிலிருந்து வந்திருந்த நண்பரின் அம்மா இதைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இவ்வளவு பச்சைப் புல்லை வெட்டி மண்ணுலயே போடுறீங்களே, ஒரு மாடு கட்டினா என்ன?" என்று கேட்டார். குடியிருப்புக்கு விதி போடும் வீட்டுச் சங்கம் அனுமதிக்காது என்று நண்பர் சொன்ன பதில் அவரைத் திருப்திப்படுத்தவில்லை.

பேட்டரி வண்டிகளை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வரை நானே விளையாட்டுச் சாமானாகத்தான் நினைத்தேன். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. ஆயில் மாற்ற வேண்டாம், கார்புரேட்டர் அடைக்காது, குளிர்காலத்துக்கு முன் பெட்ரோலில் மருந்து கலக்க வேண்டாம். காலை எட்டு மணிக்கு ஓட்டினாலும் பக்கத்து வீட்டார் முறைக்க மாட்டார்கள். ஈகோ கம்பெனியின் 56 வோல்ட் பேட்டரி ஏற்கனவே வீட்டில் இலை ஊதியிலும் டிரிம்மரிலும் இருந்தால், அதே பேட்டரிகள் அவர்களின் ரைடிங் வண்டியிலும் பொருந்தும். ஏக்கருக்குள் புல், நிலம் ஓரளவு சமம், இயந்திரத்தைக் கழற்றி மாட்டுவதில் உங்களுக்கு ஆர்வம் இல்லை என்றால் பேட்டரிதான் என் முதல் பரிந்துரை. விலை பெட்ரோல் டிராக்டரைவிடக் கூடுதலாக இருக்கும் என்பதை மட்டும் ஜீரணிக்க வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் ஏக்கர் கணக்கு காய்ந்த, குட்டையான புல்லுக்கானது. இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து, கணுக்காலுக்கு மேல் நிற்கும் ஈரப் புல்லில் இறக்கினால் பாதியிலேயே சார்ஜ் இறங்கும். பழைய பேட்டரி வண்டி மலிவாகக் கிடைத்தால் அது லித்தியமா, காரில் இருப்பது போன்ற ஈய அமில பேட்டரியா என்று முதலில் கேளுங்கள். இரண்டாவது வகை என்றால் புது பேட்டரிச் செலவையும் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இந்தக் குழப்பமே குறைவு. 2021இல் போட்ட சட்டத்தின்படி அங்கே 2024 மாடலிலிருந்து புதிய சிறு பெட்ரோல் எஞ்சின்களுக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது.

ரோபோ மோவர் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: ஹஸ்க்வர்னா 1995லிருந்து செய்கிறது, நன்றாகவும் செய்கிறது, ஆனால் மரநிழல் அடர்ந்த ஏக்கருக்கு ஜிபிஎஸ் நம்பும் மாடல்களை நான் எடுக்க மாட்டேன்.

கடையில் வரிசையாக நிற்கும் வண்டிகளில் முதலில் கண்ணில் படுவது குதிரைசக்தி எண். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த எண்ணை ஊதிப் பெருக்கிப் போட்டார்கள் என்று அமெரிக்காவில் பெரிய வழக்கே நடந்து, 2010இல் சமரசத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு பல வண்டிகளில் எஞ்சின் கொள்ளளவைச் சொல்லும் கன சென்டிமீட்டர் (சிசி) எண்ணைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். ஒரு ஏக்கருக்கு ஆரம்ப எஞ்சினே போதும். ஒற்றை சிலிண்டரைவிட இரட்டை சிலிண்டர் அதிர்வு குறைவாக ஓடும், அவ்வளவுதான். கவாசாகி எஞ்சின் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம், பிரிக்ஸ், கோலர் என்றாலும் உள்ளூரில் பாகம் கிடைக்கும்.

உண்மையில் பார்க்க வேண்டியது எஞ்சினை அல்ல, எஞ்சின் சக்தியைக் கொண்டுபோய்ச் சக்கரத்தைச் சுழற்றும் டிரான்ஸ்மிஷன் பெட்டியை. இன்றைய டிராக்டர்கள் அநேகமாக எல்லாமே ஹைட்ரோஸ்டாட்டிக். கியர் மாற்ற வேண்டாம், ஆயில் அழுத்தத்தால் ஓடும், பெடலை அழுத்தும் அளவுக்கு வேகம். டஃப் டார்க் கம்பெனியின் கே46 மாதிரியான சிறிய பெட்டிகள் ஆரம்ப விலை வண்டிகளில் பல ஆண்டுகளாக வருகின்றன. வண்டியிலிருந்து கழற்றாமல் அவற்றின் ஆயிலை மாற்ற முடியாது. சமதளத்தில் புல் வெட்டினால் பல ஆண்டு உழைக்கும். சரிவில் கனத்த டிரெய்லரை இழுத்தால் ஆயில் சூடேறி நீர்த்துப் போகும், ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கத் தொடங்கும். வெட்டி முடித்ததும் பின்னால் போய் இருக்கைக்குக் கீழே குனிந்து பெட்டியின்மேல் இருக்கும் சின்ன விசிறியைச் சுற்றிப் படிந்த புல்லைத் துடைத்துவிட்டால் ஆயுள் கூடும். நிஜமாகவே ஏற்றத்தில் இழுக்கும் வேலை நிறைய இருந்தால் கார்டன் டிராக்டர் வகைக்குப் போக வேண்டும், விலை இரட்டிப்புக்கும் மேல். அப்படி இழுக்கும் வேலையோ உழவோ இல்லை என்றால் அது தேவைப்படாது.

டெக் அகலமாக இருந்தால் நல்லது என்ற எண்ணத்தோடு கடைக்குப் போவோம். போகுமுன் பின்வேலிக் கதவை அளந்துவிடுங்கள். 42 அங்குலம் என்பது வெட்டும் அகலம்தான், புல் தள்ளும் வாய் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பதால் வண்டி நாலடிக்கு மேல் இடம் கேட்கும். அந்த வாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு நுழையலாம், வாராவாரம் செய்தால் அலுக்கும். மூன்றடிக் கதவு என்றால் 30 அங்குல டெக்கோடு பின்னால் எஞ்சின் வைத்த சின்ன ரைடிங் வண்டிகள்தான் வழி, இல்லாவிட்டால் வேலிக்காரரைக் கூப்பிட்டுக் கதவை மாற்ற வேண்டும். மேடு பள்ளம் நிறைந்த நிலத்தில் 54 அங்குல டெக் மேட்டில் மொட்டையடித்துப் பள்ளத்தில் புல்லை விட்டுவிடும், 42 அதைவிட நன்றாக நிலத்தோடு இழையும். தகட்டை அழுத்திச் செய்த டெக் மலிவு, தடித்த தகடுகளை வெல்டிங் செய்த டெக் விலை கூடுதல். கல்லும் வேரும் அடிக்கடி இடிக்கும் நிலம் என்றால் இரண்டாவதற்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

இடம் என்பது இன்னொரு விஷயம். இரண்டு கார் நிற்கும் கராஜில் டிராக்டருக்கு இடம் இருக்காது. கொட்டகை போட வீட்டுச் சங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும், அந்தச் செலவு வண்டி விலையை எட்டினாலும் எட்டும். செப்டிக் டேங்க் உள்ள வீடுகளில் கழிவுநீர் ஊறும் பகுதிமேல் ரைடிங் மோவர் போகலாம், மழை பெய்து மண் இளகியிருக்கும்போது மட்டும் வேண்டாம்.

இத்தனையும் எதற்கு, ஆளை வைத்து வெட்டினால் போதாதா என்று கேட்கலாம். ஒரு தடவைக்கு அறுபது டாலர், வருடத்துக்கு இருபத்தெட்டு வெட்டு என்று வைத்துக்கொண்டால் 1,680 டாலர். ஆரம்ப விலை டிராக்டர் ஒன்றரை வருடத்தில் தன் பணத்தை எடுத்துவிடும், பிளேடு, பெல்ட், ஆயில் செலவைச் சேர்த்தால் இரண்டு வருடம். ஐந்தாயிரம் டாலர் வண்டிக்கு அதே கணக்கு மூன்றரை வருடம் ஆகும். மூன்று வருடத்தில் வேலை மாறி வேறு மாநிலம் போகும் வாய்ப்பு உள்ளவர் ஆளை வைப்பதே புத்திசாலித்தனம். சனிக்கிழமை காலையில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் யாரும் தொந்தரவு செய்யாமல் உட்கார்ந்திருப்பதற்கு விலை போடத் தெரிந்தவர்கள் வேறு முடிவு எடுப்பார்கள். நான் அந்தக் கட்சி.

எந்த வண்டியாக இருந்தாலும் குழந்தையை மடியில் வைத்து ஒரு சுற்று ஓட்டுவது வேண்டாம். நம் வீடுகளில் இது படம் எடுத்து வாட்ஸாப்பில் போடும் பழக்கமாகவே இருக்கிறது. குழந்தை நழுவி விழுந்தால் அதற்குக் கீழே ஓடிக்கொண்டிருப்பது பிளேடு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் ரைடிங் மோவர் ஓட்டக் குறைந்தது பதினாறு வயது என்றும், தள்ளும் மோவருக்கே பன்னிரண்டு என்றும் சொல்கிறது. பின்னால் எடுக்கும்போது பிளேடு தானாக நின்றுவிடும் பாதுகாப்பு வசதி டிராக்டர்களில் இருக்கும். எரிச்சலாக இருக்கிறது என்று அதைத் தாண்டும் பொத்தானை எப்போதும் அழுத்திக்கொண்டு ஓட்டுவார்கள். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாத வீட்டில் அந்தப் பொத்தானைத் தொடவே கூடாது.

எங்கே வாங்குவது? ஜான் டியரின் 100 வரிசை வண்டிகள் டீலரிடமும் கிடைக்கும், ஹோம் டிப்போவிலும் கிடைக்கும். ஒரே மாடல் எண் என்றால் ஒரே வண்டிதான், பெரிய கடையில் வாங்கினால் மட்டமான சரக்கு என்பது வெறும் பேச்சு. கப் கேடட், டிராய்பில்ட், கிராஃப்ட்ஸ்மேன் மூன்றும் 2021 இறுதியிலிருந்து ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் என்ற ஒரே கூரைக்குக் கீழே இருப்பவை, அதனால் அந்த மூன்றுக்குள் பெயரைப் பார்த்துச் சண்டை போடுவதில் பெரிய பொருள் இல்லை. டீலர் வண்டியைப் பூட்டி, டெக்கை மட்டம் பார்த்து, டயர் காற்றைச் சரிசெய்து தருவார். பெரிய கடையில் வாங்கினால் இந்த வேலை உங்களுடையது. டெக் ஒரு பக்கம் அரை அங்குலம் தாழ்ந்திருந்தாலும் புல்லில் படிக்கட்டு மாதிரி தெரியும். ஏப்ரலில் கூட்டம், பேரம் நடக்காது. அக்டோபர், நவம்பரில் போனால் கடைக்காரர் இடத்தைக் காலி செய்யும் மனநிலையில் இருப்பார்.

பணம் கட்டுமுன் டீலரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். மே மாதத்தில் பெல்ட் அறுந்தால் வண்டி எத்தனை நாளில் திரும்பி வரும்? வீட்டுக்கு வந்து எடுத்துப் போவீர்களா, எவ்வளவு வாங்குவீர்கள்? வீட்டில் டிரெய்லர் இல்லாதவருக்கு இரண்டாவது கேள்வியின் பதிலே, இருநூறு டாலர் தள்ளுபடி கொடுக்கும் தூரத்துக் கடையா, ஐந்து மைலில் இருக்கும் டீலரா என்பதை முடிவு செய்துவிடும்.